சிவப்புத் துணி கட்டிய பெட்டிகள்

அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பிறந்து கண்டதில்லை. ஊர்ச் சனம் அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லும். கரண்டோடு விளையாடுகிற டெய்லர், அவருக்கு ஈரல்குலை இரும்பு என்று. சனத்துக்கென்ன, தூரத்தில் நின்று சொல்லும். பன்னிரண்டு வருடம் ஒரே வளவில், நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும் இருக்க, அவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவள் நான். அவருடைய பயத்தைப் பார்த்துத்தான் எனக்கும் பயம் பிடித்தது.

அவர் என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். வாப்பா கல்முனையில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டி, முன்வீட்டை ராத்தாவுக்கும் பின்வீட்டை எனக்கும் எழுதினார். கலியாணம் முடிந்து ராத்தா வீட்டுக்கு அவர் வந்தார். இரண்டு வருடத்தில் அவருடைய பெட்டிகளும் வந்து வளவு மூலைக் கொட்டிலை நிறைத்தன. "நாங்க வீடு குடுத்தம், உன்ட மனிசன் பதிலுக்கு மௌத்த, சாவக் கொண்டுவந்து அடுக்கியிருக்கார்" என்று நான் ராத்தாவிடம் சொல்வேன். அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

தொழில் தையல். பஸாரில் சின்னக் கடை. கைச்சுத்தமான மனிதன். பெண்களுக்குச் சட்டை தைப்பார், ஆனால் ஒரு பெண்ணுக்கும் அளவெடுத்தது கிடையாது. பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதை விரித்து அளப்பார். முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் மாட்டார். பன்னிரண்டு வருடத்தில் என்னோடு கதைத்ததெல்லாம் என் காலடி மண்ணைப் பார்த்துத்தான்.

பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். அந்தக் காலம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்கள் திரும்பி வரும்போது மைக்ரோவேவ் அடுப்புக் கொண்டுவருவார்கள். அங்கே வீட்டுக் கரண்ட் நம்முடையதில் ஏறக்குறையப் பாதி. அது யாருக்குத் தெரியும். வந்த அன்றே சொந்தக்காரர் எல்லோரையும் கூட்டி, நடு வீட்டில் அடுப்பை வைத்துச் சொருகுவார்கள். உள்ளே ஒரு உறுமல், டப் என்று ஒரு சத்தம், கருகின மணம், கதை முடிந்தது. "சவூதியில நல்லா வேல செஞ்ச, இஞ்ச வந்து கண்ணூறு பட்டுப்போச்சி" என்று லெப்பையைக் கூப்பிட்டு ஓதி ஊதச் செய்த வீடும் உண்டு. பக்கத்து வீட்டில் வெடித்ததைக் கண்ணால் கண்டவள் அடுத்த வருடம் தானும் ஒன்று கொண்டுவந்து சொருகினாள். அவளுக்கும் கண்ணூறுதான்.

அந்தச் செத்த அடுப்புகளெல்லாம் கடைசியில் எங்கள் கொட்டிலுக்கு வரும். உள்ளே செங்கல் அளவில், தூக்கினால் கை இறங்குகிற பாரத்தில் ஒரு ட்ரான்ஸ்போமர் இருக்கும். அடுப்பு செத்தாலும் பெரும்பாலும் அது சாவதில்லை. அதைத்தான் நாங்கள் பெட்டி என்போம். எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினார். கொழுந்தியாள் என்பதால் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"இதுக்குள்ள ரெண்டு சுத்து இரிக்கி மச்சி. மொத்தக் கம்பிச் சுத்தால வீட்டுக் கரண்ட் போகும். மெல்லிசுக் கம்பிச் சுத்தால வெளிய வாறதுதான் மௌத்து. வீட்டுக் கரண்ட் சில நேரம் ஆள உதறி எறியும். இது எறியாது. ஆள் கூப்பிடவும் நேரம் தராது."

"அப்ப என்னத்துக்கு இத வீட்டுல வெச்சிருக்கீங்க?"

"அந்த மெல்லிசுச் சுத்த வெட்டி எடுத்திட்டு, விரல் மொத்தத்தில வேற கம்பி சுத்துவன். புறகு இது கொல்லாது, உருக்கும். ஆணியச் சிவக்க வெக்கும். கொல்லுற சாமான ஒழைக்கிற சாமானா மாத்துறன். அவ்வளவுதான்."

அப்படி மாற்றின பெட்டியால் ஒழுங்கையில் இருந்தவர்களின் குடைக்கம்பி, சைக்கிள் கூடை, அகப்பைக் காம்பு எல்லாம் சும்மாவே ஒட்டிக் கொடுப்பார். அது அவருக்கு விளையாட்டு. வேறு ஆண்கள் கரம் பலகை போட்டு விளையாடினார்கள், இவர் இதை விளையாடினார்.

ஆனால் கொட்டிலுக்குள் போகுமுன் அவர் செய்கிற ஆயத்தம் கொஞ்சமில்லை. அசர் தொழுகைக்கு வுளூ செய்து கைகால் கழுவியிருந்தால் கை முழுக்கக் காய வேண்டும் என்று அரை மணித்தியாலம் விறாந்தையில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருப்பார். பிறகு குசினி வாசலுக்குப் போய் ராத்தாவிடம், "ஏதும் பிழ செஞ்சிருந்தா மன்னிச்சிரு" என்பார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிற சொல் அது. இவர் கொட்டிலுக்குப் போகச் சொல்வார். ராத்தா அரிசி களைந்துகொண்டே "மன்னிச்ச, போங்க" என்பாள். வேலி இந்தப் பக்கம் நிற்கிற நான்தான் ஓதத் தொடங்குவேன்.

உள்ளே மரப்பலகை மேல் ரப்பர் செருப்போடு நிற்பார். இடது கையைச் சாரன் மடிப்புக்குள் சொருகிவிடுவார். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சால் போகுமாம். சுவிட்சைக் கையால் போடமாட்டார். பழைய தையல் மெசின் மிதிகட்டை ஒன்றைச் சுவிட்சாக்கி வைத்திருந்தார். கால் மிதித்திருக்கும் வரைதான் கரண்ட், காலை எடுத்தால் நின்றுபோகும். "நான் விழுந்தா காலும் விழும், கரண்டும் விழும்" என்பார். தான் விழுவதைக் கணக்கில் வைத்து ஒரு மனிதன் வேலை செய்கிறான் என்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு நித்திரை எப்படி வரும்.

இன்னும் மாற்றாத பெட்டிகள் மேல்தட்டில் இருக்கும். தைத்து மிஞ்சின சிவப்புத் துணியைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டியிருப்பார். சிவப்பு கட்டியிருந்தால் அது இன்னும் கொல்லும். மாற்றி முடித்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார். இது வளவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

ஒரு தரம் சுற்றிவளைப்பில் வீடு வீடாகத் தேடி வந்தபோது ஆமிக்காரர் கொட்டிலைத் திறந்துவிட்டார்கள். கம்பிச் சுருள், இரும்பு, சிவப்புத் துணி.  சண்டைக் காலம், ஒரு துண்டு வயரைக் கண்டாலும் குண்டு செய்கிறான் என்று பிடித்துப் போய் ஆள் திரும்பாத கதை இருந்தது. என்ன இது என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். இவருக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் ஒன்றை எடுத்து, "பயய் மாத்தயா" என்றார். பயமாக இருக்கிறது ஐயா என்று. கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. கண்ணீர் ஓடுகிறது, தாடி நடுங்குகிறது. வந்தவன் அவரையும் பார்த்தான், அடுப்புத் தகரங்களையும் பார்த்தான், சிரித்துவிட்டுப் போய்விட்டான். அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை. "பயம் இரிக்கிற வரைக்கும் ஹயாத்து இரிக்கி, உசிரு இரிக்கி மச்சி" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நடை பழகின நாளிலிருந்து அவள் போகிற இடமெல்லாம் அந்தக் கொட்டில் பக்கம்தான். அந்தப் பெட்டியில் ஒன்று என் பிள்ளையைக் கொல்லும் என்ற எண்ணம் எனக்குள் வந்து குந்திக்கொண்டது. கறி கிண்டும்போதும் அதுதான், தொழும்போதும் அதுதான். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "காக்கா கவனமான ஆள், நீ சும்மா கிட" என்பார். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

ஒருநாள் பின்னேரம் அது நடந்தது. கஞ்சிக் கோப்பையோடு மகளைத் தேடுகிறேன், காணவில்லை. கொட்டில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு செப்புக் கம்பிக்கு நடுவில் நீல நெருப்பு உறுமிக்கொண்டு நிற்கிறது. மூடிப்போன புடவைக்கடை ஒன்றின் வெளிச்சப் பலகையிலிருந்து எடுத்த பெட்டி அது, ஊருக்குக் காட்டுகிற வேடிக்கை. என் மகள் அந்த மேசைக்கு ஒரு முழம் இப்பால், கையை நீட்டிக்கொண்டு. கஞ்சிக் கோப்பையை எறிந்துவிட்டு ஓடினேன். அவர் திரும்பி அவளைக் கண்டார். காலை எடுத்தார். நெருப்பு போய்விட்டது.

பிள்ளையை வாரி எடுத்தேன். அவர் பலகையிலேயே இருந்துவிட்டார். சாரன் நனைந்திருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் எழும்பவில்லை. அடுத்த நாளே கொட்டிலுக்குப் பூட்டு வந்தது. சாவி ராத்தாவின் குசினியில், உப்புப் பானைக்குப் பின்னால். வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு ஆறியிருப்பாள். எனக்கு ஆறவில்லை. பூட்டு மனிதன் போடுவது, மறப்பதும் மனிதன்தான்.

நோன்பு வந்தது. நோன்பு மாதம் முழுக்க அவருக்குப் பெருநாள் தையல். விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனால் நோன்பு திறக்கத்தான் வருவார், கொட்டில் பக்கம் திரும்பவும் மாட்டார். எனக்கு அது தெரியும். முதல் கிழமையிலேயே, ஒரு நடுப்பகல் லுஹர் நேரம், ராத்தா குர்ஆன் ஓதிக்கொண்டிருக்க, பழைய இரும்புக்காரன் மணியடித்துக்கொண்டு ஒழுங்கையில் வந்தான். நிந்தவூர்ப் பக்கத்து ஆள். இரும்பைக் கொடுத்தால் பிளாஸ்டிக் சாமான் தருவான். நான் உப்புப் பானைக்குப் பின்னால் கையை விட்டேன்.

மேல்தட்டில் சிவப்புக் கட்டின பெட்டி இரண்டு இருந்தது. இரண்டையும் இறக்கினேன். இறக்கி வைத்துவிட்டு யோசித்தேன். துணியைப் பார்த்து ஏன் என்று கேட்டானென்றால்? கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் எடுக்கமாட்டான். அதனால் துணியை அவிழ்த்தேன். அவிழ்த்துக் குசினி அடுப்புக்குள் போட்டேன். இந்தக் கையால்தான்.

"என்னது தங்கச்சி இது?"

"பழைய அடுப்புச் சாமான்."

நீல நிற பேசின் ஒன்று தந்தான். அந்த நோன்பு முழுக்க என் மகளை அதில்தான் குளிப்பாட்டினேன். நிம்மதியாகக் குளிப்பாட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மச்சி, மேல் தட்டில ரெண்டு பெட்டி இரிந்த."

"எனக்குத் தெரியா."

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு வாய்க்கா பஞ்சம். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"துணியோட போச்சா, துணி இல்லாமப் போச்சா?"

அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை. "கழட்டித்தான் குடுத்தன்" என்றேன். அவர் அப்படியே மண்ணில் குந்தினார்.

பழைய இரும்புக்காரனை அன்று காலையே கண்டுபிடித்தார்கள், அவரும் என் வீட்டுக்காரரும். ஒரு பெட்டியை இறக்காமம் ஊரில் ஒரு வெள்ளாமைக்காரருக்குக் கொடுத்தானாம். நெல் முற்றுகிற நேரம், யானை இறங்குகிறது, வேலிக்குக் கரண்ட் கொடுக்க ஒரு சாமான் தேடிக்கொண்டிருந்த மனிதன். மற்றதை வழியில் யாரோ நிறுத்தி வாங்கினானாம். பேர் கேட்கவில்லை.

என்னையும் வரச் சொன்னார்கள். பகலில் ஆம்பிளை வீட்டில் இருக்கமாட்டான், தெரியாத இரண்டு ஆண்கள் போனால் பெண் கதவு திறக்கமாட்டாள், ஒரு பொம்பிளை வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆமி சென்ட்ரியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அவருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸில் இருந்து நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இதற்குள் யாரோ ஒருவரைக் கொன்றிருப்பேனோ.

வயல் வட்டை ஓரத்தில் வீடு. சுற்றிலும் விளைந்த வயல். அடுத்த வளவு நெல் மில். அங்கிருந்து கரண்ட் வருகிறது. வயலைச் சுற்றி முழங்கால் உயரத்தில், கம்பில் கட்டின ஒற்றைக் கம்பி. வெள்ளாமைக்காரர் சாக்கு வாங்க அம்பாறைக்குப் போயிருந்தார். பெண்சாதி மட்டும். என் வயதுதான் இருக்கும்.

"பகல்ல கரண்ட் இல்ல. அவர் விடிய சுபஹுக்கே நிப்பாட்டிருவார்" என்றாள்.

"இண்டைக்கு நிப்பாட்டினத நீங்க கண்டயா?" என்று அவர் மண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"நான் என்னத்துக்குக் காணணும். ஆடு ஒண்டு உள்ள பூந்திட்டு, இரிங்க, பத்திட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, கம்பிக்கு மேலால் காலை எடுத்தாள். அவர் பாய்ந்து அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பெண்ணின் முகம் பார்க்காத மனிதன். தையல் தோளோடு கிழிந்தது. அவள் பின்னால் விழுந்து எழும்பி, வெக்கங்கெட்டவன் என்று தொடங்கி வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். கன்னத்திலும் ஒன்று விழுந்தது. அவர் கிழிந்த சட்டைக் கையை விடவில்லை. "பயமா இரிக்கி, பயமா இரிக்கி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளை என் கையில் தந்துவிட்டு, ஒரு பச்சைக் கொப்பை முறித்து வாய்க்காலில் தோய்த்து, தள்ளி நின்று கம்பிமேல் எறிந்தார்.

கொப்பு சீறியது. நீலப் பொறி பறந்து, இலை பொங்கிக் கருகி விழுந்தது. அந்தப் பெண் என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள்.  அன்று காலை நிப்பாட்ட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மில்லுக்கு ஓடிக் கரண்டை நிப்பாட்டி, அவர் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது வெள்ளாமைக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். போன போகத்தில் பாதி வயலை யானை மிதித்த மனிதன்.

"கொண்டுபோங்க. ராவைக்கு ஆன வந்தா உங்கட பயத்தக் கொண்டுபோய் அதுக்கு முன்னால வைக்கவா?"

  கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் சொன்னாள், "கொண்டுபோகட்டும்" என்று. இவர் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி, பெட்டிக்கு ஈடாக, கூச்சத்தோடு வாசல் படியில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சொல் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அதைப்பற்றி என்னைக் குற்றம் சொன்னதில்லை.

"நீ பயந்தது பிழயில்ல மச்சி. மத்த ஆக்களுக்குப் பயப்பட வழியில்லாமச் செஞ்சதுதான் பிழ."

கொட்டிலில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒரே கிழமையில் வெட்டிக் கம்பி வேறு இரும்பு வேறாக்கினார். அதற்குப் பிறகு அந்த மிதிகட்டையில் அவர் கால் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் பஸ் ஏறிவிடுவார். மற்றப் பெட்டியைத் தேடி. சம்மாந்துறை, நிந்தவூர், திருக்கோயில், போகாத ஊரில்லை. காரைதீவில் வயல் செய்கிற தமிழ் ஆட்களின் வீடுகளிலும் போய் விசாரித்தார். பெட்டியின் படத்தைக் கீறிப் பழைய இரும்புக் கடைகளில் ஒட்டினார். பள்ளிகளில் ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். இரும்பு ஈரல் டெய்லருக்கு விசர் பிடித்துவிட்டது என்றது ஊர். தையல் குறைந்தது. ராத்தா அழுதாள், என்னை ஏசினாள், பிறகு ஏசுவதையும் விட்டுவிட்டாள். நான் அவளுக்கு வாய் காட்டவில்லை.

அவர் மௌத்தானது சீனி வருத்தத்தில், நீரிழிவில், கட்டிலில். கரண்டில் இல்லை. பெட்டி கிடைக்கவில்லை.

இப்போது என் மகளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தரமாவது, எங்கேயோ ஒரு வயலில் யானைக்குப் போட்ட கம்பியில் ஆள் மௌத்து என்று செய்தி வரும். எல்லோரும் இன்னாலில்லாஹ் சொல்லிவிட்டு, எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, கரண்ட் எதிலிருந்து எடுத்தது என்றுதான். லைனில் நேரே கொழுவினது, பெட்டி இல்லை என்று சொன்னால் எனக்கு மூச்சு வரும். ஒரு மனிதன் செத்த செய்தியில் மூச்சு விடுகிறவளாகிவிட்டேன். அதன் பிறகுதான் அந்த ஆளுக்கு துஆ கேட்க வாய் வரும்.

போன மாதம் மீன் கொண்டுவருகிற தம்பி ஒரு செய்தி சொன்னான். ஒரு குடும்பக்காரன், வரம்பில் நடந்து போகும்போது கம்பியில் பட்டு மௌத்தாம். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"நேர கொழுவினதில்லையாம் ராத்தா. ஏதோ பழைய பெட்டி ஒண்டாம்" என்றான்.

செங்கல் அளவுப் பெட்டியா என்று நான் கேட்கவில்லை, மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.